இறுக்கிட்டுக் கழட்டு

எங்க சந்துல ‘புடிச்சுக்கிச்சு’ன்னு ஒரு வார்த்தை உண்டுங்க. நட்டு துருவேறி போல்ட்டோட ஒண்ணாப் போயிட்டா புடிச்சுக்கிச்சும்போம், மோட்டாருக்குள்ள பேரிங் சுத்தாம நின்னுட்டா புடிச்சுக்கிச்சும்போம், மழையில நனைஞ்ச பூட்டு சாவியைத் திருப்பிக் குடுக்கலைன்னாலும் அதே வார்த்தைதான். கோயமுத்தூர்ல ரயில்வே கேட்டுக்குக் கிழக்கால, லேத்துப் பட்டறையும் வார்ப்படக் கொட்டாயும் ஒண்ணையொண்ணு இடிச்சுக்கிட்டு நிக்கற சந்து அது. அங்க எனக்கு கேஸ் வெல்டிங். காலையில ஷட்டரைத் தூக்கினா சாயங்காலம் எறக்கற வரைக்கும், புடிச்சுக்கிட்டதை விடுவிக்கறதுதான் எங்க பாதிப்பேருக்குச் சோலி. அதனால மருதாசலத்தோட கை வெள்ளியங்கிரியோட கொரவளையில புடிச்சுக்கிச்சுன்னு தெரிஞ்சப்ப, பொய் சொல்லக்கூடாது, நாங்க யாரும் ஆச்சரியப்படலை. எண்ணெய் விட்டீங்களான்னுதான் கேட்டோம்.

ரெண்டு பேரும் மச்சான் மாப்பிள்ளை. மருதாசலத்தோட தங்கச்சி வஞ்சியம்மாளைத்தான் வெள்ளியங்கிரி கட்டியிருந்தான்; பட்டறை ரெண்டு பேருக்கும் பொது, வீடு பட்டறைக்குப் பின்னால. வெள்ளியங்கிரி அடிக்கற ஆளு. கதவு தெறக்கலைன்னா உதைப்பான், ரேடியோ பாடலைன்னா மண்டையில ஒண்ணு போடுவான், நட்டு வரலைன்னா சம்மட்டியை எடுப்பான், சோறு ஆறிப்போயிருந்தா வஞ்சியம்மா கன்னத்துலயும் அதே கைதான் விழுகும். மருதாசலம் காத்திருக்கற ஆளு. புடிச்சுக்கிட்ட சாமானுக்கு டீசலை ஊத்தி, சாக்குத் துணியைச் சுத்தி, நோயாளி பக்கத்துல உக்கார்ற மாதிரி உக்காந்து பீடி குடிப்பான். நாளைக்கு வரும்பான், நாளைக்கு வரலைன்னா நாளான்னிக்கு வரும்பான், அதுவும் வந்துரும். தங்கச்சி கன்னம் வீங்கியிருக்கறதைப் பாத்தாலும் அவன் அப்படித்தான் உக்காந்திருப்பான், மாப்ள திருந்திருவாருன்னு. எனக்கு அவனைப் புடிக்கும், ஆனா அந்த ஒரு விசயத்துல அவனைப் பாத்தா எரிச்சலா வரும்.

அந்த ஆடி மாசம், மூடின மில்லு ஒண்ணுல இருந்து பழைய லேத்து ஒண்ணு அவங்க பட்டறைக்கு வந்து எறங்குச்சு. நல்ல பரம்பரையில வந்த மெசினு, வார்ப்பு அப்படி வார்ப்பு. எல்லாம் சுத்துச்சு, ஒண்ணைத் தவிர. கடையற இரும்பைப் பின்னால இருந்து முட்டிப் புடிக்கறதுக்கு ஒரு தலை இருக்குமல்ல, அந்தத் தலைக்குள்ள போய் வர்ற தண்டு துருவேறி உள்ளயே புடிச்சுக்கிச்சு. மருதாசலம் டீசலை ஊத்திட்டு உக்காந்துட்டான். ஆடிக் காத்துல தகரமெல்லாம் பறக்குது, இவன் பீடி மட்டும் அணையல. சந்துல போறவன் வர்றவன் எல்லாம், மருதாசலம் தொட்டா அது வந்துரும், அவன் கைராசி அப்படின்னு வெள்ளியங்கிரி காதுபடவே சொன்னோம். சொன்னா அவன் மூஞ்சி போற போக்கைப் பாக்கறதுல எங்களுக்கும் ஒரு குசும்பு.

ஒரு நாள் முற்பகல்ல மருதாசலம் டீ வாங்கப் போன நேரம், வெள்ளியங்கிரி பெரிய சம்மட்டியைத் தூக்கி அந்தத் தலை மேல போட்டான். வார்ப்பு இரும்பு அடி தாங்காதுங்க. கம்பியா இருந்தா வளையும், வார்ப்பு வளையாது, மண்சட்டி மாதிரி வாயைப் பொளந்துரும். ஒரே அடி, மேல இருந்து கீழ வரைக்கும் பொளந்துருச்சு. மருதாசலம் ரெண்டு கையிலயும் டீ கிளாஸோட உள்ள வந்தான். பாத்தான். கிளாஸைப் பதனமா மேசை மேல வெச்சான். பொறந்ததுல இருந்து ஒருத்தரையும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுசன், மாப்ளையோட கொரவளையை வலது கையில புடிச்சுச் செவுத்தோட சேத்துத் தூக்கினான்.

வெள்ளியங்கிரி கால் தரையில இல்லை. கண்ணு ரெண்டும் பிதுங்குது, காலு செவுத்தை உதைக்குது, வஞ்சியம்மா பின்னால இருந்து சோத்துக் கரண்டியோட ஓடி வந்து அண்ணன் முதுகுல அடிக்கறா, சத்தம் கேட்டு நாங்க எல்லாரும் ஓடினோம். ஓடிப் போய்ப் பாத்தா, மாப்ளையைக் கீழ எறக்கிட்டான், ஆனா கை மட்டும் கழுத்துலயே இருக்குது. விடுறா விடுறான்னு கத்தறோம். அவன் எங்களைப் பாத்து அழுதான்.

“நான் எப்பவோ விட்டுட்டேனுங்க,” அப்படின்னான். “கைதான் விடலை.”

யாரு நம்புவா? அடிச்சோம். ஃபேன் பெல்ட்டுல அடிச்சோம், பைப்புல அடிச்சோம், எங்கயோ கெடந்த ஆணிப் பலகையால ஒருத்தன் தோள்ல போட்டான், ரத்தம் பனியனை நனைச்சு லுங்கி வரைக்கும் எறங்குச்சு, முன்பல்லு ரெண்டு டீ கிளாஸ்ல போய் விழுந்துச்சு, அவன் கும்புட முடியாம ஒத்தைக் கையைத் தூக்கித் தூக்கிக் காமிச்சான், அப்பவும் அடிச்சோம். கடைசியில மணிக்கட்டுல ஒரு ராடு விழுந்தப்ப ணங்னு சத்தம் வந்துச்சு. எலும்புச் சத்தம் இல்லை, இரும்புச் சத்தம். விரல் முட்டிகள்ல இருந்து செவப்பாத் தூள் உதிர்ந்து வெள்ளியங்கிரி சட்டையில விழுந்துச்சு. அந்தத் தூளை எங்களுக்குத் தெரியாதுங்களா? ராடைப் போட்டுட்டு ஒருத்தன் எண்ணெய்க் கேன் எடுத்துட்டு வரப் போனான்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டரு தட்டிப் பாத்தாரு, படம் எடுத்தாரு, மணிக்கட்டோட வெட்டியெடுக்கறது ஒண்ணுதான் வழின்னு சொன்னாரு. நாங்க மாட்டேன்னுட்டோம். போல்ட்டுத் தலையை அறுத்துட்டா உள்ள இருக்கற தண்டு வெளிய வந்துருமா என்ன? அதுக்கப்புறம் புடிக்கறதுக்குக்கூட ஒண்ணும் இல்லாமப் போயிரும். வெட்டின கை கழுத்துலயே கெடந்து இறுக்கும், அப்ப யாரைப் போய்க் கேக்கறது? அவரு எங்களை ஒரு பார்வை பாத்துட்டு, அப்ப நீங்களே பாத்துக்குங்கன்னு அனுப்பிட்டாரு.

பாத்தோம். டீசல் ஊத்தினோம், மண்ணெண்ணெய் ஊத்தினோம், பிரேக் ஆயில் ஊத்தினோம், மருதமலை அடிவாரத்துல இருந்து வெளக்கெண்ணெய் வந்துச்சு அதையும் ஊத்தினோம், விரலுக்கு நடுவால மர ஆப்பை வெச்சுக் கொட்டாப்புளியில தட்டினோம், ஆப்பு சிம்பு சிம்பாப் போச்சு. வெள்ளியங்கிரி சொந்தக்காரங்க அவன் காலைப் புடிச்சு இழுத்தாங்க, மருதாசலம் சொந்தக்காரங்க இவன் இடுப்பைப் புடிச்சு இழுத்தாங்க, மருதாசலத்துக்குத் தோள்மூட்டு எறங்கினதுதான் மிச்சம். பொறகு என்னையக் கூப்பிட்டாங்க. வெளிய இருக்கறதைச் சுட்டா விரியும், உள்ள இருக்கறதைக் குளுர வெச்சாச் சுருங்கும், இது எங்க தொழில்ல பாலபாடம். வெள்ளியங்கிரி கழுத்துக்கு ஐஸ்கட்டியை அணை குடுத்து, மருதாசலத்தோட விரல் மேல நான் நெருப்பைப் புடிச்சேன். அவன் போட்ட சத்தம் ரயில் சத்தத்துக்கு மேல கேட்டுச்சு. தோலு கொப்புளிச்சுச்சு, நகம் கருகிச்சு, கருகின வாசம் என்ற மூக்குல இன்னும் இருக்குது. விரல் அசையவே இல்லை. நெருப்பை அணைச்சுட்டு நான் வெளிய வந்து வாந்தி எடுத்தேன்.

அதுக்கப்புறம் என்ன, பழகிருச்சு. எதுதான் பழகாது? மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டுலதான் ரெண்டு பேரும் நடந்தாங்க. சந்துல எதுக்கால வர்ற வண்டி ஒதுங்கி வழி விடும். வஞ்சியம்மா நடுவால உக்காந்து இந்தப் பக்கம் ஒரு வாயி அந்தப் பக்கம் ஒரு வாயின்னு ஊட்டினா. சவரம் பண்றவர் விரலைச் சுத்தி வளைச்சு வளைச்சு மழிச்சாரு. கல்யாணப் பத்திரிகை ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு, பந்தியில ஒரே எலை, போட்டோவுல மட்டும் வெள்ளியங்கிரி துண்டைப் போட்டுக் கையை மறைச்சுக்குவான். மிச்சம் இருந்த மூணு கையை வெச்சுக்கிட்டுப் பட்டறையிலகூட வேலை நடந்துச்சு. ஆனா சந்துல சண்டை போடறவங்களுக்குத்தான் பயம் புடிச்சுக்கிச்சு. சட்டையைப் புடிச்சா கை அங்கயே நின்னுருமோன்னு யாரும் யாரையும் கையால தொடறதில்லை. அதுக்காக சண்டை நின்னுச்சா? காலால உதைச்சாங்க, கல்லால எறிஞ்சாங்க. பொண்டாட்டி முடியைப் புடிச்சு அடிச்சவங்க எல்லாம் கையைப் பின்னால கட்டிக்கிட்டு வயித்துல மிதிச்சாங்க. அந்த வருசம் எங்க சந்துல மாவுக்கட்டுப் போடாத கால் இல்லைங்க.

இப்படியே ஓட்டிரலாம்னு நெனைச்சோம். ஆவணித் தூறல் வந்துச்சு, அப்பத்தான் எங்க புத்திக்கு எட்டுச்சு: துருப் புடிச்ச இரும்பு ஊதும். பாலத்துல கம்பி துருவேறினா காங்கிரீட்டையே பொளந்துட்டு வெளிய வருதல்ல, அந்த ஊத்தந்தான். மருதாசலத்தோட விரல் ஒவ்வொண்ணும் தடிச்சுக்கிட்டே வந்துச்சு. வஞ்சியம்மா தெனமும் காலையில புருசன் கழுத்துக்கும் அண்ணன் கட்டை விரலுக்கும் நடுவால என்ன போகுதுன்னு பாப்பா. மொதல்ல அவ சுண்டு விரல் போச்சு. பொறகு தீக்குச்சி. பொறகு ஊதுவத்திக் குச்சி. வெள்ளியங்கிரிக்குச் சோறு நின்னு கஞ்சி, கஞ்சி நின்னு பஞ்சுல நனைச்ச தண்ணி. பேச்சு ஊசிப் பட்டாசு நமுத்துப்போன மாதிரி உஸ்ஸுன்னு வந்துச்சு. ஐப்பசி மழைக்கு ஆளு தாங்க மாட்டான்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சு போச்சு.

வெள்ளியங்கிரி பங்காளிங்க அருவாளோட வந்தாங்க, கையை வெட்டியே ஆகோணும்னு. மருதாசலம் பங்காளிங்க ராடோட நின்னாங்க, தொட்டுப் பாருங்கன்னு. சந்துக்குள்ளயே மண்டை ஒடைஞ்சுது, ஒருத்தனுக்குக் கண்ணு போச்சு, எங்க ஷட்டரெல்லாம் ரத்தம். ரெண்டு கூட்டத்துக்கும் நடுவால அவங்க ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டு நின்னு, வேண்டாங்க வேண்டாங்கன்னு ஒருத்தன் அழுதான், இன்னொருத்தனுக்கு அழறதுக்கும் மூச்சில்லை.

இப்ப ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இதுக்கு வழி எங்க சந்துல எல்லாத்துக்கும் தெரியும். புடிச்சுக்கிட்ட நட்டை எடுத்ததும் கழட்டக்கூடாது. ஒரு மயிரிழை இறுக்கோணும். இறுக்கினாத் துரு ஒடையும், டக்குன்னு ஒரு சத்தம் வரும், அதுக்கப்புறம் கழட்டினா வெண்ணெய் மாதிரி வரும். இறுக்கிட்டுக் கழட்டு, இறுக்கிட்டுக் கழட்டுன்னு நாளெல்லாம் ஒருத்தனுக்கொருத்தன் கத்திக்கிட்டே இருப்போம். ஆனா இது நட்டு இல்லை, கழுத்து. ஊதுவத்திக் குச்சி போற எடத்துல ஒரு மயிரிழை இறுக்கினா என்ன ஆகும்? சொன்னவன் தலையில பழி விழுகும். அதனால அத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டு எண்ணெய் ஊத்தினோம்.

ஆயுத பூசை வந்துச்சு. அன்னிக்கு எந்த ஆயுதத்தையும் தொட்டு வேலை செய்யக்கூடாது. கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு, வாழையெலையில வரிசையாப் படுக்க வெச்சுருவோம், அதுகளும் ஒரு நாள் தூங்கட்டும்னு. மருதாசலம் பட்டறையில பொளந்த லேத்துக்கும் மாலை போட்டிருந்துச்சு. பூசணிக்காயை ஒடைச்சு வாசல்ல குங்குமத் தண்ணி ஓடுது, பொரியும் கடலையும் வாங்கறதுக்குச் சந்தே அங்க நிக்குது. வஞ்சியம்மா சாமியைக் கும்புட்டுட்டு, தலையில இருந்த பூவுல ஒரு நாரை உருவிப் புருசன் கழுத்துக்கிட்டக் கொண்டு போனா. நாரும் போகலை.

திரும்பி எங்களைப் பாத்தா. அப்படி ஒரு பார்வையை நான் பாத்ததில்லை.

“தெனமும் என்ற காதுல விழுகற மாதிரிக் கத்துவீங்களே, இன்னிக்கு எல்லாத்துக்கும் வாய் புடிச்சுக்கிச்சா?” அப்படின்னா. பொறகு அண்ணன்கிட்டப் போனா. “இறுக்குண்ணா. இறுக்கிட்டுக் கழட்டு.”

மருதாசலம் தலையை ஆட்டினான். கோவத்துல புடிச்ச கையி, கோவம் இருந்தாத்தான் இறுகும், என்கிட்டத்தான் துளி கோவம் இல்லையே, மாப்ள தண்ணியில்லாம வாடறதைப் பாத்துப் பாத்து எல்லாம் வடிஞ்சு போச்சேன்னு விம்மினான். அது நெசந்தான். புடிச்சுக்கிட்டு நின்ன அத்தனை நாளும் மாப்ளைக்கு வேர்த்தா ஊதி விட்டதே அவன்தான்.

அப்பத்தான் வெள்ளியங்கிரி பேசினான். உஸ்ஸுன்னுதான் வந்துச்சு, ஆனா சந்துல ஒரு சத்தம் இல்லாததால எல்லாத்துக்கும் கேட்டுச்சு.

“வார்ப்பு தாங்காதுன்னு தெரிஞ்சுதான் மச்சான் அடிச்சேன். நீ தொட்டு அது வரக்கூடாது. ஒடையட்டும்னே அடிச்சேன்.”

பொழைக்கறதுக்காகச் சொன்ன பொய் இல்லைங்க அது. பொய் சொல்ற மூஞ்சியை நான் அவன்கிட்ட நெறையப் பாத்திருக்கறேன். சாகறவன் மூஞ்சியில நெசம் தெரியுமல்ல, அது.

மருதாசலத்துக்குக் கால்ல இருந்து ஏறுச்சு. கெண்டைக்கால் நடுங்குச்சு, தொடை நடுங்குச்சு, வயிறு உள்ள போச்சு, தோள்ல நரம்பு கயிறாப் பொடைச்சுச்சு, அது அப்படியே முழங்கை வழியா எறங்கி விரலுக்குப் போறதைக் கண்ணால பாத்தோம். கை இறுகுச்சு. வெள்ளியங்கிரி நாக்கு வெளிய வந்துச்சு, மூக்குல ரத்தம் வந்துச்சு, முட்டி மடங்குச்சு, பொம்பளைங்க கண்ணை மூடிக்கிட்டாங்க. டக்குன்னு ஒரு சத்தம். ஒடைஞ்சது துருவா எலும்பான்னு தெரியலை. செவப்பா, பொருக்குப் பொருக்கா, பொரித் தட்டு நெறைய உதிர்ந்துச்சு. துருதான். பக்குப்பக்கா விரல் உரிஞ்சு, கீழ இருந்து மனுசத் தோலு வெளிய வந்துச்சு. அழுதோம், ஆமாங்க, நான் உட்பட.

“இப்பக் கழட்டுண்ணா,” அப்படின்னா வஞ்சியம்மா.

மருதாசலத்தோட சுண்டு விரல் தூக்குச்சு. நல்லாவே தூக்குச்சு, எல்லாரும் பாத்தோம். சித்தெ நேரம் காத்துல நின்னுச்சு. பொறகு திரும்பவும் கழுத்து மேல போய்ப் படுத்துக்கிச்சு. கை எப்பவோ விட்டுருச்சு, மருதாசலம்தான் விடலை. தங்கச்சி கன்னத்துல விழுந்த அடியெல்லாம், டீசல் ஊத்திட்டு உக்காந்த நாளெல்லாம், நாங்க ஒடைச்ச பல்லு, நான் வெச்ச நெருப்பு, அத்தனையும் அந்தக் கையில வந்து நின்னுச்சு. அவ அண்ணான்னு கூப்பிட்டா. மருதாசலம்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. காலைப் புடிச்சா. அவன் மாப்ளை கண்ணைப் பாத்துக்கிட்டே இறுக்கினான்.

வஞ்சியம்மா எந்திரிச்சா. வாழையெலையில தூங்கிக்கிட்டிருந்த பெரிய சம்மட்டியை, அதே சம்மட்டியை, சந்தனப் பொட்டோட தூக்கினா. ஆயுத பூசையன்னிக்கு ஆயுதத்தைத் தொடாதேன்னு எவனோ சொன்னான், எவன்னு தெரியலை, நல்ல வேளை. அண்ணன் முழங்கையில போட்டா. இந்தத் தடவை ணங்னு கேக்கலை, வெறகு முறியற மாதிரிக் கேட்டுச்சு. கை தெறந்துச்சு. மருதாசலம் ஒரு பக்கம் விழுந்தான், வெள்ளியங்கிரி பூசணிச் சில்லு மேல விழுந்து, ஊரு காத்தெல்லாம் தனக்குத்தான்னு இழுத்தான்.

இழுத்தான், எந்திரிச்சான், மூச்சு வந்ததும் மொதல் சோலியா, முறிஞ்ச கையைப் புடிச்சுக்கிட்டுக் கெடந்த மச்சான் மூஞ்சியில ஒரு உதை விட்டான். அடுத்த உதைக்குக் காலைத் தூக்கினான். தூக்கின கால் கீழ எறங்கலை. வஞ்சியம்மா திரும்பி அவன் முட்டியில ஒண்ணு போட்டா. அவனும் விழுந்தான். ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் கெடந்து ஊளையிட, நடுவால அவ சம்மட்டியோட நின்னா, நெத்தியெல்லாம் குங்குமமோ ரத்தமோ தெரியலை.

போதுங்கம்மணி, கீழ வைங்கன்னு நான்தான் சொன்னேன். அவ கையைப் பாத்தா. விரலைத் தெறக்கப் பாத்தா. திரும்ப ஒருக்காப் பாத்தா. பிடிக்கட்டையைச் சுத்தி அவ முட்டிகள்ல இருந்து செவப்பாத் தூள் உதிர்ந்துச்சு. நான் எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கிட்டு ஓடினேன்.

“எண்ணெய் வேண்டாங்ணா,” அப்படின்னா. “இருக்கட்டும்.”

இருக்குது, இன்னிக்கு வரைக்கும். அவ சமைக்கறதும் அதோடதான், தூங்கறதும் அதோடதான், தாளிக்கறது மட்டும் இடது கையில. பட்டறை நல்லா நடக்குது. ஒருத்தன் முட்டி நொண்டி, இன்னொருத்தன் முழங்கை கோணல், லேத்தோட பொளந்த தலையை நான் வெல்டு வெச்சுக் குடுத்தேன், அந்தத் தண்டு தானாவே வந்துருச்சு. சந்துல யாரும் யாரையும் காலால கூடத் தொடறதில்லை. ஒரு வீட்டுல சத்தம் பெருசாக் கேட்டா, வஞ்சியம்மா வாசல்ல போய் நிப்பா, அவ்வளவுதான்.

போன மாசம் வெளியூர்ல இருந்து ஒரு ஃபிட்டரு வந்தாரு. விசயம் தெரியாத மனுசன். அம்மணி கையி புடிச்சுக்கிச்சுங்களா, அட, இறுக்கிட்டுக் கழட்டுங்க, ஒரு நிமிச வேலைன்னு சிரிச்சாரு. பட்டறையில சுத்திக்கிட்டிருந்த மெசினெல்லாம் நின்னுச்சு. வஞ்சியம்மா புருசனைப் பாத்தா, அண்ணனைப் பாத்தா, பிடிக்கட்டை மேல விரலைச் சரி பண்ணிக்கிட்டா.

“இறுக்கட்டுங்களா?” அப்படின்னு கேட்டா.

வேண்டாம்னு ரெண்டு பேரும் ஒட்டுக்காச் சொன்னாங்க. அந்த ரெண்டு பேரும் ஒரு வார்த்தையை ஒட்டுக்காச் சொல்லி நான் கேட்டது அன்னிக்குத்தான்.